பழைய கணினியின் இரண்டு வாக்குமூலங்கள்

கம்பைல் ஆகாத நிரலோடு உதவி கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள். என்ன பிழை காட்டியது? எந்தப் பதிப்பு? இன்றைய கணினியில் இரண்டுக்கும் நொடியில் பதில் சொல்லிவிடலாம். பழைய டாஸ் கணினியில் அது அத்தனை எளிதல்ல. இருபத்தைந்து வரித் திரையில் பிழைச் செய்திகள் மளமளவென்று மேலேறி மறைந்துவிடும். திரும்ப உருட்டிப் பார்க்க வழியில்லை. பதிப்பு எண்ணைக் கேட்டாலோ, இயங்குதளமே தெரிந்தே வேறொரு எண்ணைச் சொல்லக்கூடும்.

கம்பைலர் சொன்னதை எப்படிப் பிடித்து வைப்பது? சொன்ன மென்பொருள் எதுவென்று எப்படி உறுதி செய்வது? இவற்றுக்கு அறுபது ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகவே பேசப்படுகின்றன. சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரே குறை தென்படுகிறது: மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்ட ஒரு வரியை, பின்னால் வந்த இன்னொரு நிரல் படிக்கத் தொடங்கியதுதான் பெரும்பாலான கோளாறுகளின் ஊற்று.

தாளே பதிவாக இருந்த காலம்

1960-களின் பெருங்கணினிகளில் பிழைச் செய்தியைப் பிடிப்பது ஒரு சிக்கலாகவே தோன்றியிருக்காது. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போனவருக்குச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ அச்சடித்த தாள்மடிப்பு கைக்கு வரும். நிரலின் ஒவ்வொரு வரியும் அதில் இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் எச் கம்பைலர் பக்கத் தலைப்பிலேயே தன் நிலை எண்ணையும் இயங்குதளத்தின் பெயரையும் தேதியையும் அச்சடித்துவிடும். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே தாளில். பின்னால் வந்த பல ஏற்பாடுகள் இழந்துவிட்ட வசதி இது.

ஐ.பி.எம்.மின் இயங்குதளமான ஓ.எஸ்./360 இன்னொன்றையும் சேர்த்தது. கம்பைலர் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும்: 0 என்றால் குறையில்லை, 4 என்றால் எச்சரிக்கை, 8 என்றால் பிழை, 12 என்றால் கடும்பிழை, 16 என்றால் மேற்கொண்டு நகரவே முடியவில்லை. அந்த எண்ணைப் பார்த்து அடுத்த படியைத் தவிர்க்கும்படி கட்டளை அட்டையில் எழுதலாம். எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்லாமல் எப்போது ஓட்டக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்ததால், அந்த அட்டையைத் தலைகீழாக எழுதித் தடுமாறாத நிரலாளர் குறைவு. ஆனாலும் செய்தி மனிதருக்கு, எண் இயந்திரத்துக்கு என்று பிரித்ததில் ஒரு தெளிவு இருந்தது.

ஒரு பிழையைத் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க ஒரு நாள் ஆகும் என்றால், ஒரே ஓட்டத்தில் எத்தனை பிழைகளைச் சொல்ல முடியுமோ அத்தனையையும் சொல்வதுதான் நல்ல கம்பைலருக்கு இலக்கணம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1965-இல் மாணவர்களுக்காக உருவாக்கிய வாட்ஃபோர் அந்த நோக்கில் பெயர்பெற்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பி.எல்./சி இன்னும் ஒரு படி மேலே போய், பிழையைத் தானே ஊகித்துத் திருத்தி, நிரலை ஓட்டியும் பார்த்தது. ஊகம் தவறினால் ஒரு பிழை பத்துப் பிழைகளாகப் பெருகும் என்பதே இந்த வழியின் பலவீனம். பட்டியலில் முதல் பிழையை மட்டும் நம்பு என்று மாணவர்களுக்கு இன்றும் சொல்லப்படும் அறிவுரைக்கு இதே காரணம்தான்.

பிழைக்கென்று தனி வழி

யூனிக்ஸ் கேள்வியையே மாற்றிப் போட்டது. 1973-இல் பைப் வந்தபின் ஒரு நிரலின் வெளியீடு இன்னொரு நிரலுக்கு உள்ளீடானது. அப்போது பிழைச் செய்திகளும் அதே வழியில்தான் போயின. அடுத்த நிரலுக்கு எது தரவு, எது புலம்பல் என்று தெரியாது.

இதற்குத் தீர்வாகப் பிழைகளுக்கு மட்டும் இரண்டாம் எண் வழி, அதாவது ஸ்டாண்டர்ட் எரர், எப்படிப் பிறந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. பைப்பைக் கருத்தளவில் முன்வைத்த டக் மெக்கில்ராய் சொல்வது இது: இருவழி அமைப்பின் எளிமையைக் கெடுக்க மனமில்லாமல் யூனிக்ஸின் ஆறாம் பதிப்புவரை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள், அதன்பின் டென்னிஸ் ரிச்சி புதிய வழியைத் திறந்து முடிச்சை அவிழ்த்தார். யாக் கருவியை எழுதிய ஸ்டீஃபன் ஜான்சன் சொல்வது வேறு. பெல் ஆய்வகத்தில் ஒளியச்சுக் கோப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. நாற்றமடிக்கும் ரசாயனத்தில் தாளைக் கழுவிச் சில நிமிடம் காத்திருந்த பலருக்கு, அழகான எழுத்தில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது: குறிப்பிட்ட கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி. அந்த முணுமுணுப்பு உரியவர் காதில் விழுந்ததாம். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று காரணம், மற்றது தூண்டுதல் என்று கொள்ளலாம்.

மெக்கில்ராய் சொல்லும் இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். நாலைந்து நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது, வந்த செய்தி யாருடையது? அதனால் ஒவ்வொரு செய்தியும் தன் நிரலின் பெயரோடு தொடங்க வேண்டியதாயிற்று. இன்றைய லினக்ஸிலும் பிழை வரியின் தொடக்கத்தில் நிரலின் பெயரும் முக்காற்புள்ளியும் இருப்பது இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

வழி திறந்தது, ஆனால் கதவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. 1979-இன் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் 2> என்று எழுதிப் பிழைகளைத் தனிக் கோப்பில் சேர்க்கலாம்; 2>&1 என்று எழுதி இரண்டையும் ஒன்றாக்கலாம். பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் இரண்டையும் ஒன்றாக்குவது எளிது, பிழையை மட்டும் பிரிப்பதற்கு அடைப்புக்குறிக்குள் ஒரு சுற்றுவழி தேவை. போர்ன் ஷெல்லிலும் வரிசை முக்கியம்: கோப்பின் பெயரை முதலில் சொல்லி 2>&1 என்பதைப் பிறகு எழுதினால் இரண்டும் கோப்புக்குள் போகும்; மாற்றி எழுதினால் பிழைகள் திரையிலேயே நின்றுவிடும்.

அதைவிட நுண்ணிய குறை ஒன்று உண்டு. திரைக்குப் போகும்போது வரிக்கு வரி வெளிவரும் சாதாரண வெளியீடு, கோப்புக்குப் போகும்போது பஃபரில் சேர்ந்து மொத்தமாகக் கொட்டும். பிழை வழியோ காத்திருக்காமல் உடனுக்குடன் எழுதும். ஆக, இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்தால், எந்த வேலையின்போது எந்தப் பிழை வந்தது என்ற வரிசை குலைந்துபோகலாம். பிரித்து வைத்தால் தொடர்பு போகிறது, சேர்த்து வைத்தால் வரிசை போகிறது. பைப் வழியாகப் பதிவு செய்தால் கம்பைலர் விட்டுச்செல்லும் முடிவு எண் தொலைந்து, பைப்பின் கடைசி நிரலின் எண்ணே மிஞ்சும். பெர்க்லி யூனிக்ஸின் ஸ்கிரிப்ட் கட்டளை வேறொரு வழியைப் பிடித்தது: நிரலைத் தொடாமல், திரையில் தெரிந்தது அனைத்தையும் அப்படியே பதிவு செய்வது. வரிசை காப்பாற்றப்படும், கூடவே அழித்து எழுதியதும் கட்டுப்பாட்டுக் குறிகளும் வந்து சேரும்.

டாஸின் பாதித் திறப்பு

மைக்ரோ கணினிகளில் நிலைமை இன்னும் மோசம். சி.பி./எம். இயங்குதளத்தில் நெடுங்காலம் இருந்த ஒரே வசதி கண்ட்ரோல்-பி. அதை அழுத்தினால் திரைக்கு வருவதெல்லாம் பிரிண்டருக்கும் போகும். பிரிண்டர் இல்லாதவர் பேனாவை எடுக்க வேண்டியதுதான்.

1983 மார்ச்சில் வந்த எம்.எஸ். டாஸ் 2.0 யூனிக்ஸிடமிருந்து நிறையக் கடன் வாங்கியது. கோப்புக் கைப்பிடிகள் வந்தன, > குறி வந்தது, பைப்பும் வந்தது. அந்தப் பைப் உண்மையில் ஒரு தற்காலிகக் கோப்புதான். நிரல் தொடங்கும்போதே ஐந்து வழிகள் திறந்திருக்கும், பிழைக்கான இரண்டாம் வழி உட்பட. ஆனால் கட்டளை வரியைப் படிக்கும் கமாண்ட்.காம் அந்த இரண்டாம் வழியைத் திசைதிருப்பக் கற்றுக்கொள்ளவே இல்லை. கைப்பிடி இருந்தது, திருகும் வசதி இல்லை. யூனிக்ஸ் மரபில் வளர்ந்த கம்பைலரை டாஸுக்குக் கொண்டுவந்தவர்கள் இதில் சிக்கிக்கொண்டார்கள். பிழைகள் முறைப்படி இரண்டாம் வழியில் போகும், பயனரால் அவற்றைப் பிடிக்க முடியாது.

இதற்கு மூன்று விடைகள் எழுந்தன. கம்பைலரே பிழையைச் சாதாரண வழியில் எழுதிவிடுவது முதலாவது. மைக்ரோசாஃப்ட் சி இதைத்தான் செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் வழிவந்த கம்பைலர்களில் பதிப்பைச் சொல்லும் தலைப்பு வரி பிழை வழியிலும், பிழைகள் சாதாரண வழியிலும் வருகின்றன. கட்டளை உரைபெயர்ப்பியையே மாற்றுவது இரண்டாவது. 1989-இல் வந்த 4டாஸ் பிழை வழிக்கென்று தனிக் குறிகளைத் தந்தது. இடையில் ஒரு சிறு நிரலை வைப்பது மூன்றாவது. ஜி.சி.சி. கம்பைலரை டாஸுக்குக் கொண்டுவந்த டி.ஜே.ஜி.பி.பி. தொகுப்போடு வந்த ரீடிர், வழிகளை மாற்றி அமைத்துவிட்டுக் கம்பைலரை அழைக்கும். இன்றும் பழைய டாஸ் கணினியில் இந்தத் தொகுப்பைக் கொண்டு கம்பைல் செய்பவருக்கு நேரடியாகக் கைகொடுப்பது இந்த மூன்றாம் வழிதான். விண்டோஸ் என்.டி.யின் கட்டளைச் சாளரத்தில்தான் 2> என்ற குறி மைக்ரோசாஃப்ட் உலகின் பொதுவழக்கானது.

பிடிக்கவே வேண்டாம் என்றவர்கள்

1983 நவம்பரில் 49.95 டாலருக்கு வந்த டர்போ பாஸ்கல் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது. கம்பைலரும் எடிட்டரும் ஒரே நிரல். முதல் பிழையிலேயே நின்று, பிழை உள்ள இடத்துக்கே கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிடும். திருத்தி மறுபடி ஓட்டச் சில நொடி. ஒரு நாள் காத்திருந்த காலத்தில் எல்லாப் பிழையையும் சொல்வது நியாயம் என்றால், சில நொடி ஆகும் காலத்தில் ஒன்றை மட்டும் சொல்வதும் நியாயமே. நினைவகம் அவ்வளவு நெருக்கடியானது என்பதால், பழைய பதிப்புகள் தொடங்கும்போதே பிழைச் செய்திகளை ஏற்றவா வேண்டாமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் பிழை எண் மட்டும் வரும், விளக்கத்தைக் கையேட்டில் தேட வேண்டும்.

இதன் விலை, பதிவு எதுவும் மிஞ்சாது என்பது. இன்னொருவருக்குக் காட்ட ஒரு கோப்பு கிடையாது. டர்போ பாஸ்கலை வெளியிட்ட போர்லாண்டின் பிந்தைய வரவான டர்போ சி, செய்திகளுக்கென்று ஒரு சாளரம் வைத்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சி மொழி படித்த ஒரு தலைமுறைக்கு அந்த நீலத் திரை நன்றாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதையை அமிகா கணினியின் மாங்க்ஸ் அஸ்டெக் சி கம்பைலர் காட்டியது. பிழைகளைக் கோப்பில் எழுதிவிட்டு எடிட்டரைத் திறக்கும். எடிட்டர் அந்தக் கோப்பைப் படித்துப் பிழை பிழையாக அழைத்துச் செல்லும். விம் எடிட்டரின் குவிக்ஃபிக்ஸ் இதைப் பார்த்து உருவானது என்று அதன் உதவிக் கோப்பே சொல்கிறது. ஈமாக்ஸும் இதே வேலையைச் செய்கிறது. இங்கேதான் மனிதருக்கான வரியை நிரல் படிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கம்பைலரும் கோப்புப் பெயரையும் வரி எண்ணையும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால், எடிட்டர்கள் டஜன் கணக்கில் வடிவங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. கம்பைலர் தன் சொல்லமைப்பைச் சற்று மாற்றினாலோ, பயனரின் மொழியில் செய்தியைக் கொடுத்தாலோ, இந்த ஏற்பாடு சறுக்கிவிடும்.

பதிப்பு எண் எங்கே ஒளிந்திருக்கிறது

இரண்டாம் கேள்விக்கு வருவோம். பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972-இல் தொடங்கிய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான எஸ்.சி.சி.எஸ்., நிரல் கோப்புக்குள்ளேயே @(#) என்ற குறியோடு பதிப்பை எழுதி வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. வாட் என்ற கட்டளை எந்தக் கோப்பையும் துழாவி அந்த வரியை எடுத்துக் காட்டும். நிரலை ஓட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பலம். ஓடாத நிரலின் பதிப்பையும் அறியலாம். அமிகாவும் விண்டோஸும் இதே எண்ணத்தைத் தத்தம் வழியில் பின்பற்றின. டாஸ் உலகில் ஒரு விளையாட்டுத்தனமான வழக்கமும் இருந்தது: எம்.எஸ். டாஸ் 6.22 கோப்புகளின் நேரம் காலை 6:22 என்று இருக்கும். கோப்பைத் திருத்திச் சேமித்தால் அது மறைந்துவிடும் என்றாலும், இன்றும் பழைய வட்டுகளை ஆராய்வோருக்கு இது உதவும் தடயம்.

நிரலையே கேட்பது அடுத்த வழி. --வெர்ஷன் என்று கேட்டால் எந்த நிரலும் சாதாரண வழியில் பதில் சொல்ல வேண்டும் என்று குனு திட்டம் விதி வகுத்தது. விதியை எல்லோரும் ஏற்கவில்லை. ஜாவா தன் பதிப்பை நெடுங்காலம் பிழை வழியில் சொன்னது. 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்புதான் சாதாரண வழியில் சொல்லும் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தது. பைத்தானும் 3.4 பதிப்புக்கு முன்புவரை பிழை வழியைத்தான் பயன்படுத்தியது. பதிப்பைக் கோப்பில் பிடிக்க முயன்று வெற்றுக் கோப்பைக் கண்டவர்களுக்கு, இரண்டு கேள்விகளும் ஒரே கேள்வி என்பது அப்போது புரிந்திருக்கும்.

எண் பொய் சொல்லத் தொடங்கியபோது

பதிப்பைக் கேட்டு மற்ற நிரல்கள் முடிவெடுக்கத் தொடங்கியதும், எண்ணின் பொருளே மாறிவிட்டது. டாஸ் 2.0 முதல் இன்டரப்ட் 21, செயல் 30 என்ற பதினாறடிமான எண்களால் இயங்குதளத்தின் பதிப்பைக் கேட்கலாம். பல நிரல்கள் குறிப்பிட்ட எண் மட்டுமே வர வேண்டும் என்று சோதித்தன. அதைவிடப் பெரிய எண் வந்தாலும் ஓட மறுத்தன. எனவே 1991-இல் டாஸ் 5.0 ஒரு பட்டியலோடு வந்தது. செட்வெர் என்ற அந்த ஏற்பாட்டில், எந்த நிரல் கேட்டால் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கலாம். உண்மையான எண்ணைத் தர இன்னொரு செயல் தனியாகச் சேர்க்கப்பட்டது. பொய்க்கு ஒரு கதவு, உண்மைக்கு ஒரு கதவு.

அதன்பின் இது விதிவிலக்காக இல்லை. விண்டோஸ் 95 பழைய 16 பிட் நிரல்களிடம் தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. 3.10-க்குப் பழகிய நிரல்கள் புள்ளிக்குப் பின்னுள்ள எண் 10-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்ததால், 4.0 என்பதை அவை பழைய பதிப்பு என்று எண்ணிவிடும். விண்டோஸ் 8.1, தன்னை அறிந்ததாக அறிவிக்காத நிரல்களிடம் 8-க்குரிய 6.2 என்ற எண்ணையே தருகிறது. 2011-இல் லினக்ஸ் 3.0 வந்தபோது, 2.6 என்று தொடங்கும் எண்ணை எதிர்பார்த்த நிரல்களுக்காகத் தன்னை 2.6.40 என்று அறிவிக்கும் வசதி கர்னலிலேயே சேர்க்கப்பட்டது. 2020-இன் மேக் ஓ.எஸ். 11 பழைய நிரல்களிடம் 10.16 ஆகிறது.

கம்பைலர்களும் இதற்குத் தப்பவில்லை. கிளாங் கம்பைலர், நிரலுக்குள்ளிருந்து கேட்டால், தன்னை ஜி.சி.சி. 4.2.1 என்றே காட்டிக்கொள்கிறது. இல்லாவிட்டால் பல தலைப்புக் கோப்புகள் அதை அறியாத கம்பைலர் என்று ஒதுக்கிவிடும். எதிர்த்திசையிலும் ஒரு குழப்பம் நடந்தது. 2000-இல் ரெட் ஹேட் லினக்ஸ் 7, ஜி.சி.சி. 2.96 என்ற எண்ணோடு வந்தது. அப்படி ஒரு வெளியீட்டைத் தாங்கள் செய்யவே இல்லை என்று ஜி.சி.சி. குழு அறிவிக்க வேண்டியிருந்தது. வளர்ச்சி நிலையில் இருந்த ஒரு நகலுக்கு விநியோகத்தார் வைத்த எண் அது.

இவற்றை ஏமாற்று என்று சொல்வது பொருந்தாது. பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்ற நல்லெண்ணமே காரணம். ஆனால் பழைய கணினியை ஆராய்பவருக்கு விளைவு ஒன்றுதான்: எண் சொல்வது, கேட்பவருக்குத் தேவை என்று நினைக்கப்பட்ட விடையை. டாஸைப் போலச் செய்து காட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் தன்னை டாஸ் 5.0 என்று அறிவித்துக்கொள்ளும்போது அது எந்த டாஸும் அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணைக் கேட்காதே, செய்து பார்

எண் நம்பகமற்றது என்றால் மாற்று என்ன? 1984-இல் லாரி வால் தன் ஆர்.என். நிரலோடு தந்த கான்ஃபிகர் நிரலும், 1991-இல் டேவிட் மெக்கென்ஸி தொடங்கிய ஆட்டோகான்ஃபும் ஒரே விடையைச் சொன்னவை. பதிப்பைக் கேட்க வேண்டாம். தேவையான வசதியைப் பயன்படுத்தும் ஒரு சின்ன நிரலை எழுதி, கம்பைல் செய்து பார். கம்பைல் ஆகிவிட்டால் வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. கம்பைலர் கொட்டிய பிழைகள் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் சேரும்.

பிழையைப் பிடிப்பதும் பதிப்பை அறிவதும் இங்கே ஒரே செயலாகிவிட்டன. இந்த வரலாற்றில் வந்த விடைகளிலேயே வலுவானது இதுதான். யாரும் கேள்விப்படாத யூனிக்ஸிலும் இது வேலை செய்யும். மெதுவாக ஓடும், பழைய கணினியில் மிக மெதுவாக ஓடும் என்ற குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆழமான குறை வேறு. 'கம்பைல் ஆகவில்லை' என்பதற்கு வசதி இல்லை என்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை நம்புகிறது. அறிவிக்காத செயற்கூறை அழைப்பதையும், வகை சொல்லாமல் மெயின் என்று தொடங்குவதையும் 1999-இன் சி தரநிலையே நீக்கிவிட்டது. கம்பைலர்கள் ஏறக்குறைய கால் நூற்றாண்டு எச்சரித்ததோடு நிறுத்திக்கொண்டன. கிளாங் 16-உம், 2024-இல் வந்த ஜி.சி.சி. 14-உம் அவற்றைப் பிழையாக்கின. பழைய கான்ஃபிகர் கோப்புகளின் சோதனை நிரல்கள் பல அந்தப் பழைய பாணியில் எழுதப்பட்டவை. அவை இப்போது கம்பைல் ஆகாது. உடனே, இருக்கும் வசதி இல்லை என்று முடிவாகிவிடும். கட்டுமானம் நிற்காது, எச்சரிக்கையும் வராது, மென்பொருள் மட்டும் ஒரு வசதி குறைந்து உருவாகும். தலைகீழாகவும் நடக்கும். தெரியாத எச்சரிக்கைத் தெரிவைக் கொடுத்தால் கிளாங் முணுமுணுத்துவிட்டு வெற்றி என்றே முடியும். சோதனை அதை ஆதரவு என்று பதிந்துகொள்ளும்.

இன்னும் முடிவாகாதவை

மனிதருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று செய்தியைப் பிரிப்பது அண்மைய போக்கு. ஜி.சி.சி. 9 ஜேசன் வடிவில் பிழைகளைத் தந்தது. 13-ஆம் பதிப்பு சாரிஃப் என்ற பொது வடிவைச் சேர்த்தது. கருவியின் பெயர், பதிப்பு, பிழை, இடம் அனைத்தும் அதில் ஒரே கோப்பில் அமைகின்றன. ஃபோர்ட்ரான் எச் தாளின் பக்கத் தலைப்பு அரை நூற்றாண்டு கழித்து வேறு உடையில் திரும்பியிருக்கிறது என்றும் சொல்லலாம். இதில் எழுதப்படும் பதிப்பு எண்ணும் கருவியே தன்னைப் பற்றிச் சொல்வதுதான் என்பதால், பொய் எண்ணின் சிக்கல் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. பஃபரால் வரிசை குலைவதும், ஒரே நேரத்தில் பல கம்பைலர்கள் ஓடும் கட்டுமானங்களில் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

பழைய கம்பைலர்களுக்கு இந்தப் புதிய வடிவம் வரப்போவதில்லை. டாஸிலும் பழைய யூனிக்ஸிலும் உறைந்துவிட்ட கருவிகளைப் பொறுத்தவரை, கிடைக்கும் சான்றுகளை வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சான்றுகள் முரண்படும்போது, எண்ணைவிடப் பிழைச் செய்திக்கு எடை கூடுதல் என்பதே இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் நியாயமான மதிப்பீடு. நடந்ததை அது சொல்கிறது. எண் உரிமை கோருவதை மட்டும் சொல்கிறது. பழைய கணினிகளைப் பாதுகாப்போர் கம்பைலரின் வெளியீட்டைப் பதியும்போது, இரண்டு வழிகளையும், முடிவு எண்ணையும், கொடுத்த கட்டளையையும், கம்பைலர் கோப்பின் அளவு, தேதி, செக்சம் ஆகியவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். பதிப்பு எண்ணை மட்டும் குறித்து வைத்த பதிவை வைத்து, அந்தக் கணினியில் எது ஓடியது என்று பின்னால் வருபவரால் உறுதியாகச் சொல்ல முடியாது.